நன்றி என்று நினைத்த சொல்

மண்டபத்தின் கண்ணாடிக் கதவு திறந்தபோதெல்லாம் அவள் எண்ணினாள். எதிர் வீட்டு டீச்சரம்மா ஒன்று. ரொட்டிக் கடைக்காரி இரண்டு. புருஷனோடு லிப்ட் ரிப்பேருக்குப் போகும் கம்பெனி ஆட்கள் இருவர். ஆக நாலு பேர். அப்பாடா என்றிருந்தது. அவர் சவப்பெட்டிக்குள் கிடக்கும்போது என்ன அப்பாடா என்று உடனே தன்மேலேயே எரிச்சலும் வந்தது. ஆனால் மூன்று நாளாக அவளைத் தின்றுகொண்டிருந்த கவலை அதுதான். பாஷை தெரியாத ஊருக்கு வந்து பதினொரு மாதம்கூட முடியவில்லை. யாருமற்றவர் மாதிரி அவரை அனுப்பும்படி ஆகிவிடுமோ என்று பயந்துபோயிருந்தாள்.

ஐந்தாவதாக பஸ் டிரைவர் வந்தார். புருஷன் தினமும் வேலைக்குப் போய்வந்த பஸ்ஸை ஓட்டுபவர். சீருடையோடு வந்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

முந்தின நாள்தான் விமானத்தில் வந்து இறங்கியிருந்த தம்பி அவள் காதருகே குனிந்தான். "அக்கா, நாளன்னிக்கு சாயங்காலம் ஃபிளைட். உனக்கும் சேத்துப் போட்டுட்டேன். இங்க யாரு இருக்கா உனக்கு?"

அவள் மறுபடி கண்ணாடிக் கதவைப் பார்த்தாள்.

எல்லாம் முடிந்து வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் கைகூப்பினாள். அந்த ஊர் பாஷையில் சந்தேகமில்லாமல் தெரிந்த ஒரே சொல்லைச் சொன்னாள். "மிரேத்தா." நன்றி. ரொட்டிக் கடைக்காரி ஒரு கணம் விழித்தாள், பிறகு தலையாட்டினாள். டிரைவர் கைக்கடிகாரத்தைத் தொட்டு, பத்து விரலையும் விரித்து ஏதோ கேட்டார். ஒன்றும் புரியாமல் அதற்கும் தலையாட்டி வைத்தாள்.

அந்தச் சொல் அவள் சம்பாத்தியம். வந்த முதல் வாரம், ரொட்டி வாங்கிக் கிளம்பும்போது கடைக்காரி சொன்னதைப் பிடித்துக்கொண்டு வந்து வீட்டில் பாடம் நடத்தினாள்.

"நன்றின்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அவர்.

"காசு வாங்கிட்டு வேற என்ன சொல்லுவா? ஆசீர்வாதமா பண்ணுவா?"

"சரிங்க பண்டிதரே."

அன்றிலிருந்து அவள் பண்டிதர். அவர் பஸ்ஸை விட்டு இறங்கினால் மிரேத்தா, கதவைப் பிடித்து நின்றவருக்கு மிரேத்தா, பல் டாக்டரிடம் பல்லைப் பறிகொடுத்துவிட்டு வீங்கின வாயோடு ஒரு மிரேத்தா. இந்த ஊரைப் பற்றி இருவரும் வியந்து தீர்த்த விஷயம் வேறு ஒன்று உண்டு. இங்கே சொன்னால் சொன்னதுதான். குழாய் ரிப்பேர்காரர்கூட ஒன்பது என்றால் ஒன்பதுக்கு மணியடிப்பார்.

கடைசி நாள் காலையிலும் காபியை வாங்கிக்கொண்டு இடுப்பை வளைத்து, "மிரேத்தா, பண்டிதரே" என்றார்.

"போதும் நடிப்பு. பஸ் போயிடப்போகுது" என்று சொல்லிக்கொண்டே அவள் அடுப்படிக்குத் திரும்பினாள். ஒரு ஷூவுக்கு லேஸ் கட்டியாகிவிட்டது. அடுத்ததற்குக் குனிந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். கடைசியாக ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று அவள் மனசு அறுத்துக்கொண்டே இருந்தது.

சடங்கு முடிந்த மறுநாள் காலை சரியாகப் பத்து மணிக்கு அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்த தம்பி திகைத்து நின்றான். நேற்று வந்த ஐந்து பேரும் நின்றிருந்தார்கள். ரொட்டிக் கடைக்காரியின் கையில் சூடான பொட்டலம். டீச்சரம்மா தன் வீட்டிலிருந்து இரண்டு நாற்காலிகளை இழுத்து வந்திருந்தார்.

டீச்சரம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியும். தம்பி அவரிடம் விசாரித்துவிட்டுத் திரும்பினான்.

"அக்கா, நேத்து இவங்ககிட்ட என்ன சொன்னே?"

"நன்றி சொன்னேன்."

"நீ சொன்னது நன்றி இல்ல. 'நாளைக்குப் பாக்கலாம்'னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லியிருக்கே. கூப்பிட்டுட்டாங்களே, போகாம இருக்கலாமான்னு வந்திருக்காங்க. பத்து மணிக்கு வரலாமான்னு டிரைவர் எல்லாருக்கும் சேத்துக் கேட்டாராம், நீயும் தலையாட்டினியாம்."

முதலில் சிரிப்புதான் வந்தது. பல்லைப் பிடுங்கிய கையோடு, நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனவரைப் பற்றி அந்த டாக்டர் என்ன நினைத்திருப்பார்! சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். காபியை வாங்கிக்கொண்டு அவர் சொன்னதும் அதுதானே.

டிரைவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பேசினார். டீச்சரம்மா வழியாக, பிறகு தம்பி வழியாக அது அவளிடம் வந்து சேர்ந்தது.

"மாமா தினம் இறங்கறப்போ நாளைக்குப் பாக்கலாம்னு சொல்லிட்டுத்தான் இறங்குவாராம். வேற யாரும் இவர்கிட்ட அப்படிச் சொன்னதில்லையாம். அதனால காலைல மாமா லேட்டானா பஸ்ஸ நிறுத்தி வைப்பாராம். அன்னிக்கும் மூணு நிமிஷம் நிறுத்தினாராம். உள்ள இருந்தவங்க சத்தம் போட்டப்புறம்தான் எடுத்தாராம்."

"அப்போ பஸ் போகலையா?" என்று அவள் டிரைவரைப் பார்த்துத் தமிழிலேயே கேட்டாள்.

அவர் புரிந்துகொண்டவர்போல, 'இல்லை' என்று தலையசைத்தார்.

கிளம்பும்போது டீச்சரம்மா நன்றிக்கு உண்டான சரியான சொல்லைக் கற்றுக்கொடுத்தார். நான்கு பேருக்கு அதைத் தட்டுத்தடுமாறிச் சொன்னாள். கடைசியாக டிரைவர். அவரிடம் மட்டும், "மிரேத்தா" என்றாள். அவர் ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

அடுத்த நாள் காலை தம்பி அவளுடைய பெட்டியை அமுக்கி மூடிக்கொண்டிருந்தான். மூடியவன் ஜன்னல் பக்கம் போய் எட்டிப் பார்த்தான்.

"அக்கா, கீழ ஒரு பஸ் ரொம்ப நேரமா நிக்குது பாரு. யாரும் ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். லிப்ட் வேறு ஏதோ மாடியில் நின்றிருந்தது. அதற்குக் காத்திராமல் படியில் இறங்கினாள்.