ஒரு வரி ஸ்தோத்திரம்

கதவுக்கு வெளியே நின்று மூத்தவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். உள்ளே அம்மாவின் ஜெபம் முப்பத்தெட்டாவது நிமிடத்தில் இருந்தது.

"அவளைத் தள்ளிவிடாதேயும் ஆண்டவரே. நரக ஆக்கினைக்குத் தப்புவியும்."

'அவள்' என்பது இளையவள், பஸ் கண்டக்டர். கடவுளே இல்லையென்று சபையைவிட்டு வெளியேறி ஒன்பது ஆண்டுகள். அன்றுமுதல் இந்த வீட்டில் சிந்திய கண்ணீரெல்லாம் அவளுக்கே. நம்பாதவளுக்கு நாற்பது நிமிடம். நம்பியவளுக்கு, முடிவில், "மூத்தவளுக்காக ஸ்தோத்திரம்" என்று ஒரே வரி. எக்ஸ்ரே அறையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து அம்மாவின் காலுக்குத் தைலம் தேய்ப்பவள், ஒரு ஞாயிறும் தவறாதவள், இந்த ஒரு வரிக்குத்தானா விசுவாசம் காத்தாள்? காணாமற்போனவளைத் தேடுவது அன்பென்றால், காணாமற்போகாமல் இருந்தது குற்றமா?

அம்மா வெளியே வந்ததும் கேட்டேவிட்டாள். "எனக்காக என்னைக்காவது அழுதிருக்கியாம்மா?"

"நீதான் கரையேறிட்டியேடி. உனக்கு எதுக்குக் கயிறு?" அம்மா சிரித்தாள்.

மறுநாள் மூத்தவள் இளையவளின் பஸ்ஸிலேயே ஏறினாள்.

"நேத்தும் உனக்கு நாற்பது நிமிஷம். மகாராணி நீ."

"நீயே எடுத்துக்கக்கா. பதவி உயர்வு வந்திருக்குன்னு சொல்லப் போனேன். அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு நரகத்தைப் பத்திப் பேசுறா. உன்கிட்ட மட்டும் ஊர்க்கதையெல்லாம் சொல்றா. எனக்கு வயிறு எரியுது." டிக்கெட்டைக் கிழித்து நீட்டினாள். "உள்ள போங்க விசுவாசி, படியில நிக்காதீங்க."

மூத்தவள் நம்பவில்லை. வயிறு நிறைந்தவள் பசியைப் பற்றிப் பேசுகிறாள் என்றே எண்ணினாள்.

ஞாயிறு காலை. சபைக்குப் புறப்பட்ட அம்மா, தலைசீவியபடியே, பக்கத்து வீட்டுக்காரி குழாய் பழுதுபார்க்க வந்தவனோடு போட்ட சண்டையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பாதி வேலையில ஸ்பேனரைத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிட்டான். இவ வாசலை மறிச்சுக்கிட்டு..."

"நான் வரலம்மா. எனக்கும் நம்பிக்கை போயிருச்சு."

பொய். சொன்ன வாயே கசந்தது.

சீப்பு நின்றது. அம்மாவின் கண்கள் நிறைந்தன. இரு கைகளும் நீண்டு வந்து அவள் கைகளைப் பற்றின. ஒன்பது ஆண்டுகள் ஏங்கிய பிடி. ஆனால் அந்தக் கண்கள் அவளைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி, எங்கோ எரியும் ஒன்றைப் பார்த்தன.

"அப்புறம் குழாய்க்காரன் என்னம்மா சொன்னான்?"

அம்மாவுக்குக் கேட்கவில்லை. பாதி சீவிய தலையில் சீப்பு தொங்க, முழங்காலிட்டிருந்தாள்; உதடுகள் அசையத் தொடங்கியிருந்தன.