அறை எண் 307-இல் நான்கு சரணம்

1

அன்று மாலை ஆறே முக்காலுக்கு அறை எண் 307-இல் இருந்தவர்கள்: என் தங்கை அமலராணி, அவள் கணவர் லாசரஸ், வரவேற்பாளர் அனிருத், மேலாளர் சாம்பசிவன், ஸ்ட்ரெச்சரோடு வந்த இருவர் (பெயர் தெரியவில்லை).

நான் இல்லை. இருந்தாலும் நான்தான் எழுதுகிறேன். குடும்பத்தில் மூத்தவன். வேறு யாராவது எழுதினால் எப்படி எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். சேலையூர் வீட்டில் மீன் கழுவிக்கொண்டே அமலராணி இதைச் சொன்னாள். சிரித்த சிரிப்பில் வஞ்சிரம் கை நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. கதை பிறந்தது அங்கேதான்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஜன்னலைத் திறந்ததும் அமலராணியின் கண்முன்னே நகரம் முழுவதும் விளக்குகளாக விரிந்—"

தங்கைக்குப் படித்துக் காட்டினேன்.

"எந்த ஜன்னல்ணா? தொறந்து கைய நீட்டினா அடுத்த பில்டிங் சுவத்துல கோலம் போடலாம்."

இரண்டாம் தொடக்கம்: "ஹோட்டல் நகரத்தின் மையத்தில் இருந்ததால்—"

இது உண்மை. (மையம்தான். கீழே பஸ் ஹாரன், மேலே ஜெனரேட்டர், நடுவில் இவர்கள் இருவரும்.) ஆனால் குடும்ப கௌரவத்துக்கு உதவாத உண்மை. அடித்துவிட்டேன்.

3

அவர்கள் மகன் ஸ்டெபின் இரண்டு வருடம் வேலையில்லாமல் வீட்டில் இருந்தவன். "இவனாவது, பெற்றவர்களுக்குச் செய்வதாவது" என்று சொந்தத்தில் பேசினார்கள்.* பிறகு சிறுசேரியில் வேலை கிடைத்தது. அப்பா அம்மாவின் நாற்பதாவது திருமண நாளுக்கு இரண்டு நாள் அறை போட்டுக் கொடுத்தான். பெற்றவர்களுக்கு அவன் செய்த முதல் காரியம் அது. ஏழு மணிக்கு வீடியோ காலில் வந்து அறையைப் பார்ப்பதாகவும் சொல்லியிருந்தான்.

அமலராணிக்கு ஒரே கவலை. பிள்ளை முகம் வாடிவிடக் கூடாது.

(* பேசியவர்களில் நானும் உண்டு. இதை அடிக்குறிப்பில் சொன்னால் போதும்.)

4

வெந்நீர் வரவில்லை. ஆறு முறை கேட்டாள். ஆறு முறையும் அனிருத் "டூ மினிட்ஸ் மேம்" என்றான். போர்வையில் ஈர வாடை, குளியலறையில் அதைவிட மோசமான வாடை. லாசரஸ் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். விடை காணாமல் விடமாட்டார். மருந்துப் பையிலிருந்து பஞ்சை எடுத்து மூக்கின் இரண்டு துளையிலும் அடைத்துக்கொண்டார். வீட்டிலிருந்து கொண்டுபோன வெள்ளை வேட்டியைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டார். கண்ணை மூடி மல்லாந்தார்.

மாலை ஜெப வேளை. எங்கள் வீட்டில் ஜெபம் என்றால் பாட்டு உண்டு. பாட்டு தொடங்கிவிட்டால், கடைசிச் சரணம் முடிந்து ஆமென் சொல்லும்வரை பாடுகிறவரைத் தவிர யாரும் பேசக் கூடாது, கண் திறக்கக் கூடாது, அசையக் கூடாது. அப்பா காலத்து ஒழுங்கு. அமலராணி எல்லாப் பாட்டையும் இழுத்துத்தான் பாடுவாள். கல்யாண வீட்டிலும் அதே இழுவைதான், துக்க வீட்டிலும் அதேதான். அன்று சுவரையும் ஸ்டெபினையும் நினைத்து அழுகையும் சேர்ந்துகொண்டது.

அனிருத் துண்டுகளோடு கதவைத் தள்ளினான். பாட்டு. அழுகை. வெள்ளைத் துணி. மூக்கில் பஞ்சு.

துண்டுகளை அங்கேயே போட்டுவிட்டு ஓடினான்.

5

இரண்டாம் சரணத்தில் சாம்பசிவன் கைகட்டி வந்து நின்றார், பின்னால் ஸ்ட்ரெச்சரோடு இருவர்.

"மனச தேத்திக்கங்கம்மா. எல்லாம் நாங்க பாத்துக்கறோம். ஒரே ஒரு ரெக்வெஸ்ட், பின்பக்க லிஃப்ட்ல கொண்டு போயிடலாம். முன்னாடி ஒரு கல்யாண பார்ட்டி வந்துகினு கீது."

(பதற்றத்தில் அவருடைய ஹோட்டல் பாஷை கழன்றுவிட்டது.)

கடைசியில் வேறு அறை தருகிறார்கள் என்று அமலராணி நினைத்தாள். பாட்டை நிறுத்தாமல் தலையாட்டினாள். லாசரஸும் அப்படியேதான் நினைத்தார். தன்னை இருவர் தூக்கியபோது, பெரிய ஹோட்டல்களில் வயதானவர்களை இப்படித்தான் அறை மாற்றுவார்கள் போலிருக்கிறது என்று விறைப்பாகக் கிடந்தார். இன்னும் இரண்டு சரணம் பாக்கி. எங்கள் குடும்பத்தில் சரணம் விட்டுப் பாடும் பழக்கம் இல்லை.

ஸ்ட்ரெச்சர் முன்னே போக, அமலராணி பாடிக்கொண்டே பின்னே நடந்தாள். வழியில் இருந்த அறைக்காரர்கள் வாசலுக்கு வந்து நின்று மரியாதை செய்தார்கள். லிஃப்ட் வாசலில் நான்காம் சரணம் முடிந்தது.

"ஆமென்" என்றாள்.

"ஆமென்" என்று எழுந்து உட்கார்ந்தார் லாசரஸ். "சுடுதண்ணி வந்துச்சாப்பா?"

அனிருத் சாம்பசிவன்மேல் விழுந்தான். ஸ்ட்ரெச்சர்காரர்களை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அமலராணியின் போன் அடித்தது. மணி ஏழு. ஸ்டெபின்.

6

முடிவு அ: சாம்பசிவன் நடுங்கிக்கொண்டே எட்டாவது மாடியில் ஒரு பெரிய அறையைத் திறந்துவிட்டார். அவள் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். ஸ்டெபின் முகத்தில்—

முடிவு ஆ: அவள் 307-க்கே திரும்பிப்போய்ச் சுவரைக் காட்டினாள். அவன் "ஸாரிம்மா" என்றான். அதற்கு அவள்—

எது நடந்தது என்று தங்கையிடமே கேட்டேன்.

"அது எனக்கும் எம்புள்ளைக்கும் நடுவுல இருக்கட்டும்ணா. அவன் எதுக்கும் லாயக்கில்லன்னு சொன்னீங்கல்ல? உங்களுக்கு முடிவு கெடையாது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அதனால் முடிவை நான் எழுதவில்லை. ஏழு மணி, போன் அடிக்கிறது, எடுக்க வேண்டியது நீங்கள். எதைக் காட்டினால் அந்தப் பிள்ளை முகம் வாடாது என்று பார்த்துக் காட்டுங்கள்.

7

ஒன்றை மட்டும் திருத்த வேண்டும். ஸ்டெபின் பெற்றோரை எங்கேயோ ஒரு லாட்ஜில் தள்ளிவிட்டான், அங்கே லாசரஸ் இறந்துபோனார் என்று கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பேச்சு உலவுகிறது.

அது லாட்ஜ் அல்ல. ஹோட்டல்.