சூடான பக்கம், குளிர்ந்த பக்கம்

1

இருந்தவர்கள்:

குளியலறைக்குள் யார்மிலா, ஓய்வு பெற்ற டிராம் ஓட்டுநர்.
கதவுக்கு வெளியே அவள் தங்கை ப்லாங்கா.
தொட்டியில் ஒரு சோளப் பாம்பு. அல்லது தொட்டியில் இல்லை.
ஒரு மாடி மேலே நான், தூங்க முயன்றுகொண்டு.

முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதில்லை. சுவர் வழியாக வந்தது. ஒஸ்த்ராவாவில் நாங்கள் இருக்கும் இந்தக் கட்டடத்தில் குளியலறைகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியவை. நடுவில் குழாய்கள் போகும் ஒரே பொந்து. கீழே ஒருவர் தும்மினால் மேலே இருப்பவர் 'நூறு' என்று சொல்லலாம். நான் பகலில் தூங்குகிறவன், அதாவது தூங்கவேண்டியவன். அதனால் கதையில் பாதி காதில் விழுந்தது, பாதி நான் கட்டியது. எது எது என்று கேட்காதீர்கள். எழுதி முடிப்பதற்குள் எனக்கே குழம்பிவிடும்.

2

தொடக்கம் ஒன்று: "யார்மிலாவுக்குச் சிறு வயதிலிருந்தே பாம்புகளின் மேல் ஒரு"

வேண்டாம். பாம்பு வாங்குகிற பெண்ணுக்குச் சிறு வயதில் ஏதாவது நடந்திருக்கவேண்டுமா என்ன? நாய் வாங்குகிறவர்களை யாரும் இப்படிக் கேட்பதில்லை.

தொடக்கம் இரண்டு: "ஆயுள் முழுக்கத் தண்டவாளத்தில் வண்டி ஓட்டியவளுக்கு, தண்டவாளமே இல்லாமல் போகும் ஒரு பிராணி"

இதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பெருமையாக இருந்தது. பிறகு அடித்தேன்.

தொடக்கம் மூன்று: ஷோகேஸ் காலியானது.

இது நிற்கும்.

முன்னறையின் ஒரு சுவரை முழுக்க அடைத்துக்கொண்டு ஒரு அலமாரி நின்றது. நடுவில் ஷோகேஸ். அதற்குள் அம்மா காலத்து வெட்டுக் கண்ணாடிக் கோப்பைகள். அவற்றில் யாரும் எதையும் குடித்ததில்லை. எடுப்பார்கள், துடைப்பார்கள், திருப்பி வைப்பார்கள். யார்மிலா ஒரு நாள் எல்லாவற்றையும் செய்தித்தாளில் சுற்றிக் கட்டடத்தின் நிலவறைக்கு இறக்கினாள். ப்லாங்கா கடைக்குப் போய்த் திரும்பியபோது ஷோகேஸுக்குள் அக்காவின் தலை இருந்தது. அளவு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாவோட கோப்பையைத் தூக்கிட்டுப் பாம்பையா வைக்கப் போறே?"

"கோப்பை நெளியுமா? தோல் உரிக்குமா?"

"உரிக்காது. அதனாலதான் அது கோப்பை."

"ரெண்டும் சும்மா பார்க்கிறதுக்குத்தானே. இதைத் துடைக்கிற வேலையாவது இல்லை."

ப்லாங்கா பையைக் கீழே வைத்தாள். "ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. கண்ணாடிக்கு வெளியே அதை ஒரு தடவை பார்த்தேன், அன்னைக்கே ஒலோமோட்ஸுக்கு மக வீட்டுக்குக் கிளம்பிடுவேன்."

"மாப்பிள்ளைக்கு உன் சமையல் ஆகாதே."

"பாம்புக்கு அவன் தேவலை. கொஞ்சம்."

[இங்கே ப்லாங்காவைப் பற்றி எனக்குச் சந்தேகம் வந்தது. முதல் வரைவில் அவள் வெறும் கத்தல். கத்துகிறவர்களைக் கதையில் வைப்பது சுலபம், வசனம் தானாக வரும். ஆனால் அவள் மணமுறிவுக்குப் பின் ஒரு பெட்டியோடு இந்த வீட்டுக்கு வந்து இது இரண்டாவது குளிர்காலம். அவள் வருவதற்கு முன் யார்மிலா அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டாள். இப்போது உட்கார்ந்து சாப்பிடுகிறாள், சண்டை போட்டபடி. யார்மிலாவுக்குப் பாம்பு வேண்டும். தங்கையும் வேண்டும். இரண்டாவதை அவள் வாயால் சொல்லமாட்டாள். இந்தக் கதையின் சிக்கல் மொத்தமும் அவ்வளவுதான்.]

3

பாம்பை வளர்த்து விற்றவன் லுபோர். கழுத்தில் பல்லி பச்சை குத்தியிருந்தான். சோளப் பாம்பு நம் சாரைக்குத் தூரத்து உறவு, விஷம் கிடையாது. அவன் கொண்டுவரவிருந்தது குட்டி, பென்சில் தடிமன், செங்கல் நிறம். அதற்கு முன்பே ஷோகேஸைப் பார்க்க வந்தான், பார்த்தான், தலையை ஆட்டினான்.

"யார்மிலாம்மா, ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர்ச்சி. நடுவுல அதுவா போய் வரணும். எங்க இருக்கணும்னு நாம முடிவு பண்ணக்கூடாது."

"ஒளிஞ்சுக்க இடம் எங்க வைக்க?"

"ரெண்டு இடத்துல. ஒண்ணு மட்டும் வச்சீங்கன்னா பயத்துல அதுக்குள்ளயே கிடக்கும். சூடு வேணும்னாலும் வெளிய வராது. தின்னது செரிக்காது."

யார்மிலா வாங்கி வைத்திருந்த பைன் மரச் சீவலை அவன் திருப்பி அனுப்பச் சொன்னான். அந்தப் பிசின் பாம்பின் மூச்சுக்கு ஆகாது. நெட்டிலிங்க இனத்து மரச் சீவல்

(நெட்டிலிங்கம் நம் ஊரில் வேறு மரம். அடித்துவிட்டேன். பிசின் இல்லாத மரச் சீவல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

வாங்கிப் பரப்பினாள். விளக்குக்குக் கம்பிக் கூண்டு போட்டாள், சுற்றிக்கொண்டு சுட்டுக்கொள்ளாமல் இருக்க. சூடு ஏறினால் விளக்கைத் தானே அணைக்கும் தெர்மோஸ்டாட்டை மாட்டினாள். பின்பலகையில் துளை போட்டு வலையை வைத்துச் சிலிக்கான் பசையால் ஒட்டினாள். நகர்த்துக் கதவின் இரண்டு கண்ணாடிக்கும் நடுவே விரல் நுழையாத ஒரு சந்து இருந்தது. அதையும் அடைத்துப் பூட்டு வைத்தாள். அலமாரியை ஒரு சாண் தள்ளினாள், யாரும் குறுக்கே நடந்து பாம்பைப் பதறவைக்கக் கூடாது என்று. ஒரு வாரம் அவளுக்கு அதுவே வேலை. ப்லாங்கா சோபாவில் உட்கார்ந்து கசகசா பன் தின்றபடி பார்த்தாள்.

"எனக்குக் கல்யாணம் ஆனப்போ கூட இவ்வளவு சீர் செய்யலை நீ."

"அப்பவே சொன்னேன், அந்த ஆளு வேண்டாம்னு."

மிச்சமிருந்தது பசை காய்வதுதான். காயும்வரை வினிகர் மாதிரி நெடி. அந்த நெடி போகாமல் உயிரை உள்ளே விடக்கூடாது. நாளைக்கு வருகிறேன் என்ற லுபோர் அன்று காலையிலேயே வந்து நின்றான்.

"பக்கத்துல ஒரு வேலை, அதோட கொண்டுவந்துட்டேன். பாம்பு வந்த பெட்டி மட்டும் எனக்குத் திரும்ப வேணும்."

பாம்பைத் தந்துவிட்டுப் பெட்டியோடு போய்விட்டான்.

4

இங்கே வாசகர் ஒருவர் கை தூக்குவார். மூடி உள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு நாள் போட்டுவைத்திருக்கலாமே?

நியாயம். வேறு ஊராக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பார்கள். ஆனால் இது டிசம்பர். இங்கே டிசம்பரில் உயிரோடு வீட்டுக்கு வருகிற எதற்கும் இடம் குளியல் தொட்டிதான். பண்டிகை விருந்துக்கு உயிரோடு வாங்கும் கெண்டை மீன் அதில்தான் நீந்தும். அதுவரை வீட்டில் யாரும் ஒழுங்காகக் குளிப்பதில்லை. யார்மிலா பிறந்ததிலிருந்து வருடம் தவறாமல் அந்தத் தொட்டியில் ஒரு கெண்டை இருந்திருக்கிறது, ஒன்றுகூடத் தப்பியதில்லை. அவள் யோசிக்கவே இல்லை. கை தானாகச் செய்தது. தவிர, நெடி போகச் சன்னல்களையெல்லாம் திறந்து போட்டிருந்தாள். வீட்டில் கதகதப்பான இடம் குளியலறை ஒன்றுதான்.

அடித் துளையை அடைத்தாள். தொட்டியின் மேல் சன்னல் கொசுவலைச் சட்டத்தை வைத்தாள். அதன்மேல் சலவைத்தூள் டப்பாக்களை அடுக்கினாள். பாம்பு ஒரு சுற்று சுற்றியது. நாக்கை நீட்டியது.

தொட்டியின் தலைமாட்டில், தண்ணீர் நிரம்பி வழியாமல் இருக்க, ஒரு துளை இருக்கும் இல்லையா? அதன் மூடி தொலைந்து எத்தனையோ காலம். கெண்டைகள் எதுவும் அதை எட்டிப் பார்த்ததில்லை.

யார்மிலா துண்டை எடுத்துக்கொண்டு திரும்பியபோது துளைக்கு வெளியே வால் மட்டும் இருந்தது. அவள் டப்பாக்களைத் தள்ளிவிட்டு வலையைத் தூக்குவதற்குள் அதுவும் இல்லை.

5

நான் விழித்தது டப்பாக்கள் விழுந்த சத்தத்தில்.

யார்மிலா லுபோரைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். கிசுகிசுப்பதாக நினைப்பு. டிராமில் கத்திப் பழகிய தொண்டை.

"தண்ணிக் குழாயைத் திறந்துடாதீங்க, அதை அடிச்சுக்கிட்டுப் போயிடும்" என்றானாம் அவன். "கீழே வளைவுல தண்ணி நிக்கும், அதுக்கு மேலதான் சுருண்டிருக்கும். துளைக்கிட்ட விளக்கைக் கட்டுங்க. சூட்டுக்கு வரும்."

"எப்போ வரும்?"

"அதுகிட்டதான் கேக்கணும்."

கதவு தட்டப்பட்டது.

"அக்கா, எவ்வளவு நேரம்? நான் தலைக்குக் குளிக்கணும்."

"வயிறு சரியில்லைடி."

"கக்கூஸ் இந்தப் பக்கம்ல இருக்கு?"

உள்ளே டப்பாக்களை ஓரமாகத் தள்ளும் சத்தம்.

"உள்ள என்னதான் பண்றே?"

"யோசிக்கிறேன்."

"உனக்கு அந்தப் பழக்கமே கிடையாதே. பாம்பு எங்கே?"

[ஒரு வரைவில் இங்கே யார்மிலா அழகாகப் பொய் சொன்னாள். அந்தப் பொய் என்னுடையது என்று படித்தவுடனே தெரிந்தது. எடுத்துவிட்டேன். அவளுக்குப் பொய் வராது, தர்க்கம் வரும்.]

"ப்லாங்கா, கண்ணாடிக்கு வெளியே அதைப் பார்த்தா போயிடுவேன்னுதானே சொன்னே?"

"ஆமா."

"நீ பார்க்கலையே?"

"இல்லை."

"பார்க்கவும் முடியாது. துளைக்குள்ள போனதை நானே பார்க்க முடியலை."

சற்று நேரத்தில் ப்லாங்காவின் பயணப் பெட்டிச் சக்கரங்கள் நடையில் உருளும் சத்தம் எனக்குக் கேட்டது. எனக்கே கேட்டதென்றால் யார்மிலாவுக்கு எப்படிக் கேட்டிருக்கும்.

6

முடிவுகள். பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லலாம் என்றிருந்தேன்.

அ) ப்லாங்கா ஒலோமோட்ஸுக்குப் போகிறாள். பாம்பு கிடைக்கிறது. யார்மிலா ஷோகேஸுக்கு எதிரே தட்டை வைத்து, நின்றபடி சாப்பிடுகிறாள். இது நடக்கக்கூடியது. அதனால் எழுதக் கை வரவில்லை.

ஆ) பாம்பு பொந்து வழியாக ஏறி என் குளியலறையில் வந்து எட்டிப் பார்க்கிறது. கதை எழுதுகிறவனை அவன் கதையே தேடி வந்தது என்று ஒரு வரி. (இதை எழுதிவிட்டு எழுந்து போய் என் தொட்டியின் மேல் துளையில் பழைய சட்டையைத் திணித்தேன். வரி நன்றாக இல்லை. சட்டை அங்கேயே இருக்கிறது.)

இ) சகோதரிகள் சிரிக்கிறார்கள், கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். இப்படி எழுத ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போங்கள்.

7

நடந்தது இது. அல்லது நான் கேட்டது.

யார்மிலா வெளியே வந்தாள். ப்லாங்கா கோட்டு போட்டிருந்தாள், காலணி மாட்டவில்லை. பெட்டி வாசலில் நின்றது.

"வண்டிக்கு நேரமாச்சா?" என்றாள் யார்மிலா. போகாதே என்று சொல்ல அவளுக்குத் தெரிந்த வழி அது.

"இன்னும் இருக்கு." ப்லாங்கா முன்னறையைப் பார்த்தாள். "அதுக்கு எதுக்கு ரெண்டு ஒளிவிடம்?"

"சூட்டுலயும் பயமில்லாம இருக்கணும், குளிர்லயும் இருக்கணும். லுபோர் சொன்னான்."

"நான் அந்தச் சோபாவுலதான் படுக்கிறேன். நீ காலையில காப்பி போடப் போனா என் தலைமாட்டு வழியாத்தான் போகணும். உடை மாத்தணும்னா நீ எந்த ரூம்ல இருக்கேன்னு பார்த்துட்டு மாத்தறேன். ஒரு வாரமா டேப்பை வச்சு அளந்தியே அக்கா, அது எங்க படுக்கும், யாரு குறுக்க நடப்பாங்கன்னு. எனக்கு என்னைக்காவது அளந்தியா?"

யார்மிலா சோபாவைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டிருக்கலாமேடி."

"பாம்பு கேட்டுச்சா?"

திறந்திருந்த சன்னல் ஒன்று காற்றில் அடித்துக்கொண்டது. யாரும் போய்ப் பிடிக்கவில்லை.

ப்லாங்கா கோட்டைக் கழற்றிப் பெட்டியின்மேல் போட்டாள். "எந்தத் துளை?"

"மேல் துளை. விளக்கு கட்டியிருக்கேன். குழாயைத் திறந்துடாதே."

"ம்."

"திறந்தேன்னா அது"

"தெரியும்னு சொல்றேன்ல."

"அப்ப உள்ள போய் என்னதான் பண்ணப் போறே? நானும் வரேன்."

"வேண்டாம்."

அதற்குப் பிறகு என் குளியலறைக் காற்றுத் துளை வழியாக என்ன கேட்டது என்பது எனக்குத் தெரியும். தண்ணீர் விழும் சத்தமா, விளக்கின் கீழே ஒருத்தி அசையாமல் உட்கார்ந்திருக்கும் சத்தமின்மையா, இல்லை பேச்சா. சொல்லமாட்டேன். ப்லாங்காவை இவ்வளவு தூரம் பார்த்துவிட்டீர்கள். அவள் அந்தத் தொட்டிக்கு எதிரே என்ன செய்வாள் என்று உங்களுக்கு ஒரு எண்ணம் வந்திருக்கும், அதுதான் முடிவு. என்னை மாற்றச் சொல்லி எழுதாதீர்கள்.

யார்மிலா நடையில் வெறும் கையோடு நின்றாள். ப்லாங்கா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போட்டாள்.