மலர் எண்ணெய் சுட வைக்கிறாள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது சிரிப்புக் கதையாகத்தான் பிறந்தது. கிள்ளானில் லோரி ஓட்டும் என் தம்பி சுகுமாறன், வீங்கிப்போன தன் இடது காலைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். கெண்டைக்கால் பலாக்காய் மாதிரி இருந்தது. "பாருக்கா, ஜொகூர் டிரிப்புக்கு கம்பெனி குடுத்த போனஸ்" என்று ஒரு வரி வேறு. விட்டுவிட மனசு வருமா? பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் உட்கார்ந்து கதையை ஆரம்பித்தேன்.

2

முதல் தொடக்கம்: லோரிக்காரன் ஜெயராஜுக்குக் கால் வீங்கியபோது, தாமான் குடியிருப்பில் இருந்த எல்லாரும் வைத்தியராகிவிட்டார்கள்.

(பெயரை மாற்றிவிட்டால் தம்பிக்குத் தெரியாதாம். என் கெட்டிக்காரத்தனம்!)

ஜெயராஜுக்கு வலியைவிட வெட்கம்தான் அதிகம். அவ்வளவு பெரிய லோரியை ரிவர்ஸ் எடுக்கிறவன், பாத்ரூம் போகச் சுவரைப் பிடிக்கிறான். "சுளுக்குதான்லா. சனிக்கிழமை மக்சிக் வந்து உருவி விட்டா சரியாப் போயிடும்" என்றாள் மனைவி. மக்சிக் என்பவர் வீடு வீடாக வந்து உருட் என்கிற எண்ணெய் மசாஜ் பிடிக்கும் மலாய்க்கார அம்மாள். பிள்ளை பெற்றவள் முதல் தடுக்கி விழுந்தவன் வரை அவர் கைக்குத் தப்பியவர் கிடையாது. மனைவி எண்ணெய் சுட வைத்தாள். மக்சிக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினார். ஜெயராஜ் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுப்

(வாக்கியம் அப்படியே கிடக்கட்டும்.)

3

கதைக்கு ஒரு வரி மருத்துவம் வேண்டியிருந்தது. என் தோழி நித்யா இரத்தநோய் டாக்டர். போனில் படித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

"இது சுளுக்கு மாதிரி தெரியலடி. கால் ரத்தக் குழாய்ல ரத்தம் உறைஞ்சு கட்டியிருக்கலாம்."

"உட்கார்ந்தே ஓட்டினதாலயா?"

"அதுவும்தான். ஆனா இப்ப இன்னும் நிறைய தெரிஞ்சிருக்கு. நம்ம வெள்ளணுங்களே வலை மாதிரி விரிக்குது, அதுல மாட்டி ரத்தம் கட்டியாகுது. சில குடும்பத்துல, உறையறதுக்கு பிரேக் போடுற புரோட்டீனே பிறவியில கம்மி. உன் ஜெயராஜ் வீட்ல யாராச்சும் திடீர்னு செத்திருக்காங்களா?"

ஜெயராஜுக்கு எங்கள் வீட்டுக் கதையையே கொடுத்தேன். அப்பா நடக்கும்போதே விழுந்தார், ஹார்ட் என்றார்கள். தங்கச்சி தங்கமணி, பிள்ளை பெற்ற பிறகு உருட் முடிந்து எழுந்தவள், மூச்சு முட்டிச் சரிந்தாள். காற்று ஏறிவிட்டது என்றார்கள்.

நித்யா குறுக்கே வந்தாள். "அந்தக் கட்டியை அழுத்தித் தேய்ச்சா பிச்சுக்கிட்டு நுரையீரலுக்குப் போயிடும். ஆள் அங்கயே போயிடலாம். இது வெறும் கதைதானே? நிஜத்துல யாரும் இல்லையே?"

ஐயோ! இத்தனை வருஷம் காற்று, காற்று என்று சொல்லியே அழுதோமே! இன்றைக்குச் சனிக்கிழமை. தம்பி வீட்டுக்கு நிஜ மக்சிக் வரும் நாள்.

4

இதைக் கிள்ளானுக்குப் போகும் கொமூட்டர் ரயிலில், போனில் எழுதுகிறேன். எழுதாவிட்டால் கத்திவிடுவேன். தம்பி எடுக்கவில்லை. அவன் மனைவி மலரும் எடுக்கவில்லை. "தேய்க்காதீங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று அனுப்பிய குரல் பதிவுக்கு ஒற்றை டிக்தான். உருட் நாளில் அந்த வீட்டில் யாரும் போனைத் தொடுவதில்லை. ஷா ஆலாமில் ரயில் நின்றபோது மலர் எடுத்தாள்.

"என்னக்கா, இத்தனை மிஸ்டு கால்? நான் எண்ணெய் சுட வச்சுக்கிட்டு இருந்தேன். மக்சிக் அப்பவே வந்துட்டாங்க, உள்ள அவருக்கு..."

லைன் அறுந்துவிட்டது.

5

முடிவு ஒன்று: ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஜெயராஜ், "அக்கா, என்னை வச்சுக் கதையா எழுதுற?" என்று சண்டைக்கு வருகிறான்.

(ஜெயராஜ் என்ன ஜெயராஜ். சுகுமாறன்.)

முடிவு இரண்டு: மக்சிக் கட்டைவிரலை

(மாட்டேன். அந்த முடிவு தங்கமணிக்கு ஏற்கெனவே எழுதியாகிவிட்டது.)

மறுபடி போன் அடிக்கிறேன், யாரும் எடுக்காமல் மணி போய்க்கொண்டே இருக்கிறது. முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், கையை மட்டும் அந்தக் காலில் வைத்துவிடாதீர்கள்.