நாலாம் நம்பர் ஷெட்டின் வரலாறு

லிசி டீச்சர் சாக்பீஸைக் கையில் எடுத்துவிட்டார் என்றால் அப்புறம் யாரும் காலை அசைக்க முடியாது. ஸ்பீக்கர் தயாராக இருக்கும். நாங்கள் ஏழு பெண்களும் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு நிற்போம். அவரோ சுவரில் சாய்த்து வைத்த இரும்புத் தகட்டில் ‘ஷெட் ஃபோர் ரெக்கார்ட்ஸ்: தோற்றமும் வளர்ச்சியும்’ என்று எழுதி, அதற்கு அடிக்கோடும் போட்டுக்கொண்டிருப்பார். முதலில் பத்து நிமிடம் பாடம், பிறகுதான் ஆட்டம். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் பாடம் கூடக் கிடையாது, டெஸ்ட். ‘ஷெட் ஃபோர் தோன்றியதற்கான காரணங்களை விவரி. பத்து மதிப்பெண்.’ சர்க்கரை வியாதிக்கு ஆட வந்த இடத்தில் பரீட்சை எழுதும் தலையெழுத்து திருச்சி ஜில்லாவிலேயே எங்களுக்கு மட்டும்தான் வாய்த்தது.

அவரையும் குற்றம் சொல்ல முடியாது. இருபத்தாறு வருடம் வரலாறு எடுத்தவர். என் மகளுக்கும் எடுத்தார். சேர ஆள் இல்லை என்று போன வருடம் பள்ளிக்கூடத்தில் வரலாறு குரூப்பையே மூடி, அவரை லைப்ரரியில் உட்காரச் சொன்னார்கள். “குரூப்பைத்தான மூடுனீங்க, வரலாற்றை மூடலையே” என்று சொல்லிவிட்டு வேலையை விட்டு வந்துவிட்டார். அந்தச் சமயத்தில்தான் இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கும் அவருடைய தங்கை அனிஷா ஒரு பெட்டி நிறைய சி.டி. கொண்டுவந்தாள். அவள் குடியிருக்கும் வீட்டுக்காரக் கிழவி ஒரு காலத்தில் ஷெட் ஃபோர் என்ற அந்த ரெக்கார்ட் கம்பெனியில் பார்சல் கட்டியவளாம். எல்லாம் நடனப் பாட்டு, வார்த்தை அதிகம் கிடையாது, தாளம்தான், அடிமேல் அடி. வேறு யாராவது என்றால் கேட்டுவிட்டு வைத்திருப்பார்கள். டீச்சர் ஒவ்வொரு சி.டி.யோடும் வந்த சின்னப் புத்தகத்தை வரி விடாமல் படித்துக் குறிப்பெடுத்து, அந்தக் கம்பெனிக்கு முற்காலம், இடைக்காலம், பிற்காலம் என்று பிரித்துவிட்டார். முற்காலத்தில் நிமிடத்துக்கு நூற்றுப் பதினெட்டு அடி, பிற்காலத்தில் நூற்று முப்பது. எங்கள் முழங்காலுக்கு முற்காலம்தான் ஒத்துவந்தது.

டீச்சர் முதலில் மேலப்புதூரில் தன் வீட்டு மாடியில் ஆடியபோது கீழ்வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். சர்க்கரை டாக்டரிடம் டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருக்கும்போது என்னிடம் அதைச் சொல்லிப் புலம்பினார். “எங்க ஷெட்டு சும்மாதான் கெடக்கு டீச்சர்” என்று என் வாய் சொல்லிவிட்டது.

ஷெட் என் வீட்டுக்காரர் ராமருடையது. திருவெறும்பூரில், தஞ்சாவூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி. இருபத்து நான்கு வருடம் அங்கே தகடு வெட்டி, வளைத்து, பற்றவைத்துக் கொடுத்தார். ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு, தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் இருந்த அமைதியை நான் என்னவென்று சொல்வேன். சாகடிக்கிற அமைதி. மனிதர் தூக்கத்தில்கூடக் கத்திப் பேசுவார், காது மந்தம். மகள் பெங்களூருக்குப் போய்விட்டாள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. ஷெட்டில் முதல் நாள் நான் ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது பாட்டில் அந்த அடி தரை வழியாக ஏறி வந்தது. தூரத்தில் பிரஸ் ஓடினால் எப்படி வருமோ அப்படி. எழுந்து நின்றேன். அப்புறம் உட்காரவில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்ட், சத்திரத்திலிருந்து திருவெறும்பூர் என்று இரண்டு பஸ் மாறி, வாரத்துக்கு மூன்று நாள் வந்து ஆடினேன். ஆடிவிட்டுப் போன நாளெல்லாம் தூங்கினேன்.

எங்களோடு ஆடும், மாவு அரைத்து விற்கும் இருளாயிதான் அதை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தாள். அவள் நல்ல எண்ணத்தில்தான் வைத்தாள். அது சமயபுரத்தில் இருக்கும் எங்கள் மாமா கண்ணில் பட்டு, அங்கிருந்து என் கொழுந்தனார் சுரேஷ்குமாருக்குப் போய்விட்டது. இரண்டு முறை போன் அடித்தார், நான் எடுக்கவில்லை. மூன்றாவது முறை நேரிலேயே வந்துவிட்டார், டெஸ்ட் அன்றைக்குப் பார்த்து. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எழுதி முடித்தவர்கள் உடம்பைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தோம். கதவை முழுக்க அடைத்துக்கொண்டு வெள்ளைச் சட்டையில் நின்றார்.

“அண்ணி, மொதல்ல அந்தப் பாட்டை நிறுத்தச் சொல்லுங்க.”

டீச்சர் நிறுத்தினார். “உள்ள வரதுன்னா செருப்பை வெளிய விட்டுட்டு வாங்க சார், பிள்ளைங்க வெறுங்கால்ல ஆடுறாங்க” என்றார். நாங்கள் ‘பிள்ளைங்க’. என் வயது நாற்பத்தொன்பது.

சுரேஷ்குமார் செருப்போடுதான் வந்தார். “அண்ணன் போயி எட்டு மாசம்தான் ஆவுது. வருஷத் திதி கூட வரல. அதுக்குள்ள இது தேவையா? மாமா அதை எனக்கே அனுப்புறாரு. நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுப் பதில் சொல்றது?”

“டாக்டர் சொன்னாரு தம்பி, சர்க்கரைக்கு.”

“சர்க்கரைக்கு நடக்கச் சொல்வாங்க, ஆடவா சொல்வாங்க? இது என்ன பாட்டு? வெளிநாட்டுல கிளப்புல குடிச்சிட்டு ஆடுற பாட்டு. என் அண்ணன் உசுரு போன எடத்துல இதைப் போடலாமா?”

சர்க்கரை என்று மழுப்பியது எனக்கே பிடிக்கவில்லை. பாட்டைச் சொன்னதும் சுருக்கென்றது. பத்து மதிப்பெண் கேள்வி வேறு தலைக்குள் சூடாக இருந்தது.

“கிளப்புல போடுற பாட்டுதான். அதை யாரு போட்டாங்கன்னு தெரியுமா உங்களுக்கு? எண்பத்தெட்டுல இங்கிலாந்துல ஒரு ஊர்ல பாய்லர் கம்பெனிய மூடிட்டாங்க…”

“எண்பத்தொன்பது” என்றார் டீச்சர்.

“சரி, எண்பத்தொன்பது. ஊரே வேலை இல்லாம நின்னுச்சு. அந்த ஆபீஸ்ல டைப் அடிச்ச டோரீன்னு ஒரு பொம்பளையும் கிரேன் ஓட்டுன ஒருத்தரும் நாலாம் நம்பர் ஷெட்டுப் பூட்டை ஒடைச்சி…”

“ஒடைக்கல மலர். டோரீன்கிட்ட சாவி இருந்துச்சு. இதுக்கு ரெண்டு மார்க் போயிரும்.”

“டீச்சர், சித்த சும்மா இருங்க. சாவி போட்டுத்தான் தொறந்தாங்க. உள்ள போயி இந்தப் பாட்டை ஓட விட்டு ஆடுனாங்க தம்பி. வேலை போனவனும் ஆடுனான், அவன் பொண்டாட்டியும் ஆடுனா. அப்புறம் அதையே ரெக்கார்டா போட்டாங்க. பதினாலு வருஷம், தொண்ணூத்தாறு ரெக்கார்டு. ஒவ்வொண்ணுலயும் மியூசிக் போட்டவன் பேரு சின்னதா இருக்கும், அந்த ஷெட்டுல வேலை பாத்தவன் ஒருத்தன் பேரு பெருசா இருக்கும். ஃபிட்டர் பேரு, வெல்டர் பேரு, வாசல் கூட்டுனவ பேரு. உங்க அண்ணன் பேரு இந்த வாசல்ல பெருசா இருந்துச்சே, அந்த போர்டைக் கழட்டிப் பழைய இரும்புக்குப் போட்டிரலாம்னு நீங்க சொன்னது எத்தனாவது நாள்? பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சி மறுநாள். நான் கேட்டுக்கிட்டு சும்மாதான இருந்தேன்?”

அவர் முகம் சிறுத்துப் போயிற்று. எதிர்பார்க்கவில்லை பாவம். நான் எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை. இந்த எட்டு மாதமாக அவர் சொன்ன எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். அது மரியாதை இல்லை, பயம். எங்களுக்கு ஒரே மகள். கொள்ளி வைத்தவர் சுரேஷ்குமார்தான். திதி கொடுக்கப்போவதும் அவர்தான். அந்த உரிமை எப்போதும் அவர் சட்டைப் பையில் இருந்தது. அதை எடுத்து நீட்ட அவருக்கு ஒரு நிமிடம் கூட ஆகவில்லை.

“சரிங்க அண்ணி, நீங்க ஆடுங்க. ஆனா திதிக்கு வராதீங்க. கொள்ளி வெச்சவன் நான், நான் பாத்துக்கறேன். வரணும்னா இப்ப ஷெட்டு சாவியக் கொடுங்க.”

பிரஸ் நின்ற இடத்தில் தரையில் இன்னும் நான்கு போல்ட் துளைகள் இருக்கின்றன. கண் அங்கேதான் போயிற்று. என் வீட்டுக்காரருக்கு ஒரு கை எள்ளும் தண்ணீரும் விடும் இடத்தில் நான் இல்லாமல் போவதா? டீச்சர்தான் மெதுவாக என் பக்கத்தில் வந்தார். எண்பத்தொன்பதைத் திருத்திய குரலே இல்லை அது. “மலர், சாவியக் கொடுத்துருங்க. நாம வேற எடம் பாத்துக்குவோம். இது பெரிய விஷயம்.”

பெரிய விஷயம்தான். அதனால்தான் கொடுக்க முடியவில்லை. இன்றைக்குச் சாவி, நாளைக்கு பஸ் ஏறக்கூடாது, மறுநாள் சிரிக்கக்கூடாது என்று இவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொரு வருடமும் ஒரு திதி வரும். சாவி என் இடுப்பில்தான் செருகியிருந்தது. அதன் மேல் கையை வைத்துக்கொண்டேன்.

“நான் வருவேன் தம்பி. அம்மா மண்டபத்துக் காவேரிப் படித்துறை உங்க வீட்டுக் கொல்லை இல்ல. நீங்க ஒரு படியில உக்காந்து எள்ளுந்தண்ணியும் விடுங்க. நான் பக்கத்துப் படியில உக்காந்து விடுறேன். அய்யரு மந்திரம் சொல்லலேன்னா போறாரு, நான் என் வீட்டுக்காரரு பேரைச் சொல்லி விடுறேன். யாரு கையால வாங்கிக்கறதுன்னு உங்க அண்ணனே பாத்துக்கட்டும்.”

“பொம்பளைங்க விடுறதா? ஊரு சிரிக்கும்.”

“சிரிக்கட்டும்.”

சொல்லிவிட்டேன். டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார், பாட்டைப் போடும் பொத்தானை அழுத்தத் தோன்றவில்லை. நானே போய் அழுத்தினேன். சத்தத்தைக் கூட்டும் குமிழை அதுவரை பாதிக்கு மேல் யாரும் தொட்டதில்லை. கடைசி வரைக்கும் திருப்பினேன். அடி விழுந்தது. இருளாயி முதலில் காலை எடுத்துவைத்தாள், பிறகு மற்றவர்கள், பிறகு நான். சுரேஷ்குமார் ஏதோ சொன்னார், வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. போகவும் இல்லை. தகரக் கூரை முழுதும் அதிர்ந்து, இடுக்குகளில் படிந்திருந்த துரு பொடிப்பொடியாக உதிர ஆரம்பித்தது. அவருடைய வெள்ளைச் சட்டைத் தோளில் விழுந்தது, அவர் தட்டித் தட்டி விட்டுக்கொண்டே நின்றார். என் தலையிலும் வகிட்டிலும் விழுந்தது. நான் கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆடிக்கொண்டிருந்தேன்.