நாலு கீறல்

கவிழ்க்காதே. இன்றைக்காவது கவிழ்க்காதே. போன மாதம் மேலாளர் வீட்டு விருந்தில் தட்டைத் தூக்கி அடியைப் பார்த்து மானம் போனது போதாதா?

நாத்தனார் நீட்டிய தேநீரை வாங்கும்போது அவள் மனம் இப்படித்தான் மன்றாடியது. ஆனால் விரல் அதற்குள் கண்டுபிடித்துவிட்டது. கைப்பிடிக்கு மேலே, கட்டைவிரல் அமர ஒரு சிறு குழி. விளிம்பில் வழிந்து உறைந்த சாம்பல் நீலம். அறுபது வருடத்துக்கு முன் ஒரு பெண் தன் வீட்டுக் கொல்லைப் பட்டறையில் வனைந்த ஆறு கோப்பைகள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒன்று முதல் ஆறு வரை கீறல்கள். ஐந்து இவளிடம் இருந்தன. நான்காவதற்காகப் பதினோரு வருடமாகப் பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்குகிறாள்.

கவிழ்த்தாள். நாலு கீறல். தேநீர் முழுவதும் கணவன் மடியில்.

"ஐயோ!" அவன் துள்ளி எழுந்தான். "உள்ளே டீ இருக்குடி!"

"இருக்கு, இருக்கு! நாலு இருக்கு!"

நாத்தனாருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "கல்யாணத்துக்கு முன்னாடி எங்க அண்ணனையும் இப்படிக் கவிழ்த்துப் பார்த்திருக்கலாம்ல, அண்ணி?"

"பார்த்தேனே. அடியில ஒண்ணும் எழுதலை."

நாத்தனார் வீட்டில் முன்பு குடியிருந்தவர்கள் சமையலறையில் விட்டுப்போன கோப்பையாம். தினமும் காலையில் நாத்தனார் அதில்தான் குடிக்கிறாள். எடுத்துக்கோங்க என்பாள், இதோ சொல்லப்போகிறாள் என்று இவள் காத்திருந்தாள்.

"ஒண்ணு பண்ணுங்க அண்ணி. உங்ககிட்ட இருக்கிற அஞ்சையும் எனக்குக் குடுத்துருங்க. ஆறும் ஒண்ணாச் சேர்ந்துரும். நாங்க அதுல டீயாவது குடிப்போம். நீங்க கண்ணாடி அலமாரியில பூட்டித்தானே வச்சிருக்கீங்க?"

விளையாட்டாகக் கேட்கவில்லை. சுருக்கென்றது, உண்மை என்பதால். அந்த ஐந்தில் ஒன்றில்கூட அவள் உதடு பட்டதில்லை. அந்தக் குழிகளுக்குள் துடைக்கிற துணிதான் போய் வந்தது. நாத்தனார் கேட்பது நியாயம். நியாயம் என்று தெரிந்த பிறகும் மனம் ஐந்தையும் வாரி மார்போடு அணைத்துக்கொண்டது, கொஞ்சமும் வெட்கமில்லாமல். தனக்குள் இப்படி ஒருத்தி இருப்பது அவளுக்கே புதிது. அந்த ஒருத்தியைப் பிடித்தும் இருந்தது.

கோப்பையை நிமிர்த்தி நாத்தனார் பக்கம் நகர்த்தினாள்.

"இல்லம்மா," என்றாள் மெதுவாக. "அந்த அஞ்சையும் தரமாட்டேன். கொஞ்சம் டீ ஊத்து. இதுலயே."