ரின்னேவுக்கு ஊற்றிய முதல் கோப்பை

1

ஒரு தலைவனின் வீழ்ச்சியை எழுதத்தான் உட்கார்ந்தேன். பின்லாந்து, 1930. குதிரை வியாபாரி நெஸ்தோரி ஹாபலுவோமா மேடையேறினால் ஊரே கிறங்கும். பிடிக்காதவர்களைக் காரில் தூக்கிப்போய் ரஷ்ய எல்லைக்கு அப்பால் தள்ளிவிடுவான். ‘அந்தக் கோடையில் தேசமே அவன் காலடியில்...’

(அடித்துவிட்டேன். தேசத்தை நான் கண்டேனா? அவனுக்குக் கார் ஓட்டிய எலிஸ் என் எதிர்வீட்டுக்காரன். அவன் சொன்னதுதான் இது. அதையும் வழியில் காபி குடித்த கதையோடு நிறுத்திவிடுவான், பிறகு என்ன ஆயிற்று என்று சொல்லமாட்டான்.)

2

அன்று எலிஸின் காரில் பின்னிருக்கையில் ரின்னே, தொழிலாளர் பத்திரிகை நடத்திய எழுபது வயதுக்காரர். பின்னால் இன்னொரு காரில் தலைவனின் ஆட்கள். வழியில் ஹில்மாவின் பண்ணைவீட்டில் இறங்கினார்கள். ஆளைக் கடத்தினாலும் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் காபி தவறக்கூடாது. ஆனால் மேசைக்கு முதலில் போக யாருக்கும் மனம் வராது. வீட்டுக்காரி கெஞ்ச, மூத்தவர் எழ வேண்டும்.

யார் கைதி என்று ஹில்மாவுக்குத் தெரியாது.

“ஐயா, நீங்கதான் பெரியவங்க. நீங்க எடுத்தாத்தான் மத்தவங்க எடுப்பாங்க.”

“எனக்கு ஒண்ணும் அவசரமில்லம்மா. இவங்களுக்குத்தான் அவசரம்.”

“ஆறிடும், எடுத்துக்குங்க!”

ரின்னே நிதானமாக இரண்டு ரொட்டி தின்றார். துப்பாக்கியோடு நாலு பேரும், தலைவனும், சுவரோரம் காத்து நின்றார்கள். எலிஸுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

(எலிஸ் நல்லவனா? எனக்குச் சந்தேகம்தான். அதற்குமுன் மூன்று பேரை எல்லைக்கு ஓட்டிப்போனவன் அவன். ஒருவர் திரும்பவேயில்லை.)

3

‘அந்தச் சிரிப்பில்தான் தலைவனின் சரிவு தொடங்கியது.’ அழகான வாக்கியம், ஆனால் பொய். இரண்டு வருடம் கழித்துக் கலகம் செய்தான். பனியில் விறைத்துப்போன ஆட்கள் வீட்டைப் பார்க்க நடையைக் கட்டினார்கள். சிறையிலிருந்து வந்தவனைத் தேடி ஒரு ஆளும் வரவில்லை. இதையெல்லாம் எழுத எனக்குக் கை கூசவில்லை.

4

முகம் சிவந்த தலைவன் ஹில்மாவின் வாசலிலேயே சொன்னான்: “எலிஸ், நாங்க அந்தக் கார்ல கூட்டத்துக்குப் போறோம். கெழவனை நீயே கொண்டுபோய்த் தள்ளிட்டு வா.”

பாதை பிரியும் இடம். இடப்பக்கம் எல்லை, வலப்பக்கம் ரின்னேவின் ஊர். எலிஸ் வலப்பக்கம் திருப்பினான் என்று மூன்று முறை எழுதிக் கிழித்தேன். அப்படி எழுதினால் எனக்கு நன்றாகத் தூக்கம் வரும். அதுதான் பயமாக இருக்கிறது. தலைவன் விழ இன்னும் இரண்டு வருடம் ஆகும். ரின்னேவிடம் இருப்பது அரைமணி நேரம்.

“தம்பி, வீட்டுல அவ ஜன்னல்கிட்டயே நிப்பா. எந்தப் பக்கம் போறோம்னு மட்டும் சொல்லிடுப்பா.”

எலிஸின் வாயில் பதிலை நான் வைக்கமாட்டேன். வண்டி உறுமிக்கொண்டு நிற்கிறது. நீங்கள் சொல்லுங்கள், அவர் உங்களைத்தான் பார்க்கிறார்.